சுளகும் செல்போனும் கொரிய மொழியும்

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். அந்நிய மொழி வசப்படுவது பாடப்புத்தகத்தாலா, பாட்டாலும் டிவியாலுமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததுமே கால்டுவெல்லைத் துணைக்கு அழைத்தார், அந்தப் பாதிரியார் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய சீமையில் நின்றுகொண்டு பாட்டுக் கேட்டு மொழி படிக்கலாம் என்கிறீர்களே என்று கேட்டார். சரி, அவரிடமிருந்தே தொடங்குவோம். கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841-இல், ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். நடுவில் 15 வருஷம் அவர் காதில் ஓயாமல் விழுந்தது பனங்காட்டு மக்களின் பேச்சு. காது முந்தியது, இலக்கணம் பிந்தியது ஐயா.

கொரிய மொழி படிக்க அப்படிப் போய் 15 வருஷம் கொரியத் தலைநகர் சியோலில் குடியிருக்க நம் பிள்ளைகளுக்கு வழியில்லை. ஆனால் சியோல் பேச்சு வீட்டுக்குள் வருகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி டிவி தொடங்கியபின், நம் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், சிங்களத்தில் 'மம' என்றால் நான், 'மாமா' என்றால் நம்ம மாமாவேதான் என்று குறிலும் நெடிலும் பிரித்துச் சொல்லுவார்கள்.

என் அண்ணன் மகள் கொரியப் பாட்டுப் பைத்தியம். அந்த மொழியில் ஓர் உயிரொலி உண்டு, 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருமே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுவேதான். ஆங்கிலத்தில் அதை இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதுகிறார்கள். அதைப் பார்த்துப் படிக்கிறவர் 'இயு' என்று இழுக்கிறார். இவள் பாட்டில் கேட்டதால் சுத்தமாகச் சொல்லுகிறாள்.

எழுதப் படிக்கப் புத்தகம் வேண்டாமா என்றார்கள். வேண்டும், மறுக்கவில்லை. 1446-இல் செஜோங் மன்னர் வெளியிட்ட கொரிய எழுத்தை அவளும் ஒரு நோட்டில் எழுதித்தான் பழகினாள். ஆனால் ஒலி முன்னமே காதில் இருந்ததால், எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஒட்டவைப்பது மட்டும்தான் அவளுக்கு வேலை.

மதினியைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். முக்கூடலில் பீடி சுற்றுகிறார். மடியில் சுளகு, எதிரே சொம்பில் சாய்த்து வைத்த செல்போன், அதில் மகள் பார்க்கும் கொரியத் தொடர். மகள் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக் கதை சொல்லுவாள். மதினிக்குக் கண்ணும் கையும் இலையிலும் தூளிலும், காது மட்டும்தான் மிச்சம். அங்கேயும் அப்பா 'அப்பா'தான் என்பது முதலில் பிடிபட்டது. அப்புறம் 'அராஸ்ஸோ' என்றால் சரி, பெரியவர்களிடம் சொல்லும்போது 'அராஸ்ஸோயோ', நம் 'சரிங்க' மாதிரி. யாரும் சொல்லித்தரவில்லை.

போன மாதம் நானும் கூட இருந்தேன். தொடரில் ஒரு பையன் கோபத்தில் வெடுக்கென்று ஏதோ பேசினான். மதினி நூலைச் சுற்றிக்கொண்டே தலையைத் தூக்கி, "இவன் என்னட்டி, மாமனார்ட்ட 'யோ' போடாமப் பேசுதான்?" என்றார். மகள் திரையை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். வரிகளையே படித்துக்கொண்டிருந்த அவளுக்கு அது அப்போதுதான் காதில் விழுந்தது.