கேரவன் கூரையில் ஒரு சதுர ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஒரு வொர்க்‌ஷாப்பில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். குளிர்சாதன லாரியின் கூரையில் தண்ணீர் இறங்காமல் அடைப்பதிலேயே பாதி ஆயுள் போனது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் என் அக்கா வீட்டு வாசலில் நிற்கும் கேரவனைப் பற்றி. கட்டிலும் அடுப்பும் உள்ள பயண வண்டி அது.

போன ஜூன் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போயிருந்தோம். விமானத்தில் ஐந்து மணி நேரம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இங்கே என்ன மணியோ அங்கேயும் அதே மணி. ஆனால் நமக்கு ஜூன் லீவு என்றால் அவர்களுக்கு மழைக்காலம். கேரவனுக்குள் போனால், கட்டில் மெத்தைமேல் அக்கா சோற்றுப் பானையை வைத்திருக்கிறாள். சொட்டுச் சொட்டென்று தண்ணீர்.

"மூணு டியூப் சிலிகான் அடிச்சாச்சு தம்பி, நிக்க மாட்டேங்குது" என்றார் மாமா. எத்தனை மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி, அடுப்புக்கு மேலேதான் வென்ட் இருந்தது. சமையல் சூடும் ஆவியும் வெளியே போக, திறந்து மூடும் பிளாஸ்டிக் மூடி போட்ட சதுர ஓட்டை. தண்ணீர் அதன் விளிம்புக்கு அடியில் புகுந்து, கூரைத் தகட்டுக்கும் உள்பக்கப் பலகைக்கும் நடுவே மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, பள்ளமான இடத்தில் இறங்கும். கறை தெரிகிற இடத்தில் ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. மழை விட்ட ஒரு நாள் மாமாவை டார்ச்சோடு உள்ளே நிறுத்திவிட்டு, நான் மேலே ஏறி ஒரு குவளைத் தண்ணீரைக் கூரையின் தாழ்ந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்தேன். வென்ட்டின் பின்மூலைக்கு வந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூடியும் வெயிலில் வெளுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. சரி, முழுவதையும் மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தோம். புதியது வாங்கப் போகும்போது மூடியை அளக்கக் கூடாது, கூரையில் வெட்டியிருக்கும் ஓட்டையை அளக்க வேண்டும். அக்காவுடையது 400 மில்லிமீட்டர் சதுரம். அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 14 அங்குலம், அதாவது 356 மில்லிமீட்டர். ஒன்று மற்றதில் உட்காராது.

பழைய வென்ட்டைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது. மாமா பூசிய சிலிகானைச் சுரண்ட ஒன்றரை நாள்! பாத்ரூமுக்கு வாங்கிய டியூப் அது. மேலே மேலே பூசினால் அடைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் தண்ணீர் வருவது அடியிலிருந்து. மேல்பூச்சு அதை உள்ளேயே பிடித்து வைக்கத்தான் உதவும். அதைவிட மோசம், சிலிகான் ஒட்டியிருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்புத் தங்கிவிடும். வேறு எந்தப் பசையும் அதன்மேல் பிடிக்காது. புதிய சிலிகானே சரியாகப் பிடிக்காது. கூரையைக் கீறாமலிருக்க பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, சிலிகான் கரைக்கும் திரவம் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். இது அலுமினியக் கூரை என்பதால் தைரியமாகச் செய்தேன். ரப்பர் கூரை என்றால் கண்ட கரைப்பானையும் ஊற்றக் கூடாது, ரப்பர் ஊதிப்போய்விடும்.

பின்மூலைச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைத்தோம். ஈரத்தை உள்ளே வைத்து அடைத்தால் மரம் உளுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், மேலே தார்ப்பாய் கட்டி, உள்ளே இரண்டு இரவு ஹீட்டர் ஓடியது. மின்கட்டணம் பற்றி அக்கா முணுமுணுத்தாள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை ஒட்ட வேண்டும். மென்று துப்பிய சுவிங்கம் போல இருக்கும், எப்போதும் காயாது. 1992-இலிருந்து சுவிங்கம் விற்கத் தடை உள்ள ஊர்க்காரன் இந்த உவமையைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை. மூலையில் இடைவெளி விடாமல் ஒட்டி, வென்ட்டை உட்காரவைத்து, கார் சக்கரத்துக்குச் செய்வதுபோல எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கையால் முடுக்கினேன். மின் கருவியால் முடுக்கினால் பிளாஸ்டிக் விளிம்பு விரிசல் விடும். நாலு பக்கமும் டேப் ஒரே மாதிரி பிதுங்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் முடுக்கினால் இன்னும் கால் சுற்று போகும், ஏனென்றால் டேப் மெதுவாகத்தான் நசுங்கும். பிதுங்கியதை வெட்டிவிட்டு, விளிம்பைச் சுற்றியும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலைமேலும் பாலியூரித்தேன் சீலண்ட் என்ற அடைப்புப் பசையை வைத்தேன்.

அந்த சீலண்ட் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். நம் ஊரில் நேற்றுத் திறந்த டியூபின் மூக்கு இன்று காலை கல்லாகியிருக்கும். அங்கேயோ பெர்த் குளிரில் இரண்டாம் நாளும் அழுத்தினால் விரல் பதிந்தது. அதுவரை தார்ப்பாயை எடுக்க விடவில்லை.

டிசம்பரில் மறுபடியும் போனபோது மேலே ஏறி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு சீலண்ட் லேசாகக் கிளம்பியிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதிதாக வைத்தேன். இறங்கி வந்தால், மாமா கராஜில் மீதியிருந்த அரை டியூப் சிலிகானைக் கையில் எடுத்து, "இது வீணாப் போகுதே தம்பி" என்கிறார். பாத்ரூமுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

நன்றி, வணக்கம்.