நிலா நடுங்கிய மாடி

நேயர்களுக்கு வணக்கம். முதல் தொலைநோக்கியை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அது எதன்மேல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள் என்பதே நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்.

இந்தப் பிடிவாதம் பட்டு வந்தது. நான் வாங்கிய முதல் கருவியின் பெட்டியில் சனிக்கோளின் வண்ணப்படமும், 525 மடங்கு என்ற கொட்டை எழுத்தும் இருந்தன. கணக்கில் பொய்யில்லை. குழாயின் குவியத்தூரம், அதாவது முகப்பு வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரையான தூரம், 700 மில்லிமீட்டர்; அதைக் கண்வைத்துப் பார்க்கும் சிறு வில்லையின் குவியத்தூரமான 4 மில்லிமீட்டரால் வகுத்தால் 175; இடையில் செருகும் பார்லோ வில்லை அதை மும்மடங்காக்கினால் 525. ஆனால் முகப்பு வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அதாவது இதற்கு 120, என்பதே பொதுவான எல்லை. அதைத் தாண்டினால் பெரிதாவது மங்கல்தான்.

அன்று எனக்கு அது தெரியாது. மொட்டை மாடியில் நிலாவை நோக்கி 525ஐயே மாட்டினேன். தெளிவாக்கத் திருகைத் தொட்டேன், நிலா கிடுகிடுவென ஆடியது; ஆட்டம் அடங்கக் காத்திருந்தால், பூமி சுழல்வதால், பார்த்த இடம் அரை நிமிடத்துக்குள் காட்சியைவிட்டே நழுவியது. படியேறி வந்த அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நிலாவுக்குக் குளிர்காய்ச்சலா?" என்றார். மறுநாள் முக்காலியின் மெல்லிய கால்களை நீட்டாமல் குட்டையாகவே நிறுத்தி, ஒரு மஞ்சள் பையில் மணல் நிரப்பி நடுவில் தொங்கவிட்டு, பாயில் அமர்ந்து, பெட்டியில் நான் சீண்டாமல் விட்டிருந்த 20 மில்லிமீட்டர் வில்லையைப் போட்டேன். வெறும் 35 மடங்கு. நிலாவின் பள்ளங்கள் அசையாமல் நின்றன. பின்னர் அதே வில்லையில்தான் கடுகளவுச் சனியைச் சுற்றி வளையத்தையும், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் பார்த்தேன். மீண்டும் சொல்கிறேன்: மடங்கு அல்ல, நிலைப்பு.

இதை நன்கு உணர்ந்தவர் ஜான் டாப்சன். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்து 1967 வரை துறவியாக இருந்த அவர், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஒளியைக் குவிக்கும் குழியாடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, தரையோடு அமர்ந்து சுழலும் மரப்பெட்டியில் வைத்தார். பெட்டிக்குக் கால்களே இல்லை, ஆடுவதற்கு! அவர் பெயரால் வழங்கும் டாப்சோனியன் தொலைநோக்கியில் 130 அல்லது 150 மில்லிமீட்டர் ஆடி உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்; 150 என்பது என் பழைய 60ஐவிட ஆறு மடங்குக்குமேல் ஒளியைத் திரட்டும். அவ்வளவு செலவு இப்போது இயலாதென்றால் 10x50 (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் முகப்பு வில்லை) பைனாகுலர் போதும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அதில்தான் அழகு.

நிகழ்ச்சி அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்; புகைப்படத்துக்கு ஒதுக்கியிருந்த நேரத்தையும் என் முக்காலியே தின்றுவிட்டது. சுருங்கச் சொன்னால், மங்கலான வான்பொருளைப் படமெடுக்க ஒளியை நெடுநேரம் திரட்ட வேண்டும். வானமோ துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவதுபோல் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஆகவே துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து, மோட்டாரால் சுழலும் தாங்கி தேவை. சென்னையில் அந்த நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ 13 பாகையில், பல வீடுகளில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இருக்கும். எளிய டாப்சோனியன் அவ்வாறு சுழலாது. ஆகவே முதல் கருவி கண்ணுக்காகவே இருக்கட்டும்; நிலா மிகுந்த ஒளியுடையதாதலால், கைபேசியைக் கண்வில்லையில் பொருத்தியே அதைப் படமெடுக்கலாம்.

ஒன்றை மட்டும் விடமாட்டேன். சில பெட்டிகளில், சூரியனைப் பார்ப்பதற்கென்று கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். உங்கள் பெட்டியில் இருந்தால் இன்றே எடுத்து எறிந்துவிடுங்கள். வணக்கம்.