உறையின் மேல் ஒரு நகரம்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

'உலகப் பெருநகரங்கள்: ஓர் ஒப்பீடு' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. எந்த நகரத்தில் மக்கள் அதிகம், எங்கே கட்டடம் உயரம் என்ற கணக்குகளெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை மாலையில் உங்களை இந்தப் பழைய மின்விசிறிக்கு அடியில் உட்கார வைப்பது நியாயமில்லை. நான் அஞ்சல் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன். எனக்குச் செய்யத் தெரிந்த ஒப்பீடு ஒன்றே ஒன்றுதான்: உறையின் மேல் எழுதும் முகவரி.

இந்த அழைப்பிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண் 12, புதிய எண் 27 என்று இருக்கிறது. அதோடு விட்டார்களா? 'பால் பூத் அருகில்' என்று கீழே ஒரு வரி. ஒரு கட்டடத்துக்கு மூன்று முகவரி. ஆட்டோக்காரர் முதல் இரண்டையும் காதிலேயே வாங்கவில்லை. "பால் பூத் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா சார்?" என்றார். இந்த மூன்று முகவரிகளும் மூன்று வெவ்வேறு ஆட்களுக்காக எழுதப்பட்டவை. ஒன்று அரசாங்கத்துக்கு. ஒன்று வெளியூர்க்காரனுக்கு. ஒன்று தெருவை ஏற்கெனவே அறிந்தவனுக்கு. எந்த நகரம் யாரை நினைத்து முகவரி எழுதுகிறது என்று பார்த்தால் அந்த நகரத்தின் குணம் பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

வீட்டு எண் தபாலுக்காகப் பிறந்தது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்படியொரு கர்வம். உண்மை வேறு. 1770-இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசி மரியா தெரசா வீடுகளுக்கு எண் போடச் சொன்னது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க. எந்த வீட்டில் தகுதியான இளைஞன் இருக்கிறான், எந்தக் கொட்டிலில் வண்டி இழுக்கும் விலங்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் அலுவலர்கள் கதவு கதவாக எண் எழுதிக்கொண்டு போனார்கள். வியன்னாவில் 1 என்ற எண் அரண்மனைக்கு. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பல இடங்களில் எண்ணை அழித்தார்கள், அதன் மேல் அழுக்கைப் பூசினார்கள். கதவில் எண் விழுந்தால் வீட்டுப் பிள்ளை போய்விடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த எண்கள் தெருவாரியாகப் போடப்பட்டவை அல்ல. ஊர் முழுவதற்கும் ஒரே வரிசை. புதிதாக வீடு கட்டினால், அது எந்த மூலையில் இருந்தாலும் அடுத்த எண். நூறு ஆண்டுகளில் குழப்பம் தலைக்கு மேல் போனது. 1862-இல் வியன்னா தெருவாரி எண்ணுக்கு மாறியது. அதே பேரரசில் இருந்த பிராக் நகரமோ பழையதை விடவில்லை. இன்றும் அங்கே வீட்டு வாசலில் இரண்டு பலகைகள்: பழைய கணக்குப்படியான எண் சிவப்பில், தெரு எண் நீலத்தில். பழைய எண், புதிய எண் என்று எழுதுவது சென்னைக்காரர்களுக்கு மட்டுமே உரிய அழகு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், பிராக் நகரத்தாரை உறவுமுறை சொல்லி அழைக்கலாம்.

பாரிஸ் 1805-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. சேன் ஆற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டது. ஆற்றுக்குக் குறுக்கே விலகிப் போகும் தெருவில் எண் ஆற்றங்கரையில் தொடங்கும். ஆற்றோடு ஒட்டி ஓடும் தெருவில் எண் நீரோட்டத்தின் திசையில் ஏறும். வலப்பக்கம் இரட்டைப்படை, இடப்பக்கம் ஒற்றைப்படை. ஆறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்கும் ஆள், நாலு கதவைப் பார்த்தால் போதும்.

நியூயார்க் அதையும் தாண்டியது. 1811-இல் மூன்று ஆணையர்கள் மன்ஹாட்டன் வரைபடத்தின் மேல் கட்டம் போட்டார்கள். வடக்குத் தெற்காகப் பன்னிரண்டு அவென்யூ, குறுக்கே 155 தெரு. அப்போது நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. கட்டம் போட்ட இடத்தில் பெரும்பகுதி குன்றும் வயலும். காரணமும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார்கள்: நேர்ச்சுவரும் செங்கோண மூலையும் உள்ள வீடுதான் கட்டுவதற்கு மலிவு, குடியிருக்க வசதி. வியாபாரிகளின் ஊர். ஆனால் அன்று கப்பலை விட்டு இறங்கியவனுக்கு அந்தக் கட்டம் செய்த உபகாரம் பெரிது. நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம். இருபது தெரு கடந்தால் ஒரு மைல். நடுவில் பிராட்வே மட்டும் கோணலாகக் கட்டங்களை வெட்டிக்கொண்டு போகிறது. பழங்குடி மக்கள் நடந்து நடந்து உண்டான தடம் அது. ஆணையர்களால் அதை நேராக்க முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

டோக்கியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மகள் அங்கே இருக்கிறாள். முதல் முறை போனபோது, தபால்காரன் என்ற திமிரில், ரயில் நிலையத்துக்கு வர வேண்டாம், முகவரி இருக்கிறது, நானே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். நிலையத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் தெருப் பெயர்ப் பலகையே இல்லை. சில பெரிய சாலைகளைத் தவிர டோக்கியோவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. கையில் இருந்த முகவரியில் ஒரு பகுதியின் பெயர், அதற்குப் பின் மூன்று எண்கள். முதலாவது அந்தப் பகுதியின் உட்பிரிவு, இரண்டாவது அதற்குள் ஒரு மனைத்தொகுதி, மூன்றாவது கட்டடம். பழைய முறையில் எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கூட இல்லை; பதிவான வரிசையில் வந்தவை. 1962-இல் ஒரு சட்டம் வந்து பல இடங்களில் அதைச் சீராக்கியது.

தெருவுக்குப் பெயர் வைக்காத ஊர் என்ன ஊர் என்று அன்று எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன். நம் கிராமத்தில் வயலுக்குப் பெயர் உண்டு. ஆலமரத்துச் செய், கோயில் காணி, கிணற்றடி வயல். வரப்புக்குப் பெயர் உண்டா? வரப்பு என்பது ஒரு வயல் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம், அவ்வளவுதான். டோக்கியோக்காரருக்குத் தெரு ஒரு வரப்பு. மனிதர் வாழ்வது மனையில். பெயரும் எண்ணும் மனைக்குத்தான்.

அதனால் வழி கேட்பது அங்கே வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை. கடைகளின் அட்டையிலும் கல்யாண அழைப்பிதழிலும் சிறு வரைபடம் அச்சிடுகிறார்கள். ஊரெங்கும் 'கோபான்' என்ற சின்னக் காவல் சாவடிகள். நான் நுழைந்ததும் அங்கிருந்த இளம் காவலர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்தார், வெளியே வந்து கையை நீட்டி மூன்று விரல் காட்டினார். மூன்றாவது திருப்பம். காவலரைப் பார்த்தாலே அடுத்த தெரு வழியாகப் போகும் பழக்கமுள்ள எனக்கு அது ஒரு புது அனுபவம்.

இன்னொன்று, எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. நாம் முகவரியைப் பெயரில் தொடங்கி ஊரில் முடிக்கிறோம். கடிதம் பிரிப்பவன் அதைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். பெயர் அவனுக்குத் தேவையே இல்லை. ஜப்பானியர் மாகாணம், நகரம், பகுதி, எண்கள், கடைசியில் ஆள் பெயர் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறார்கள். பிரிப்பவனுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது.

சியோல் இதற்கு நேர் எதிர் முடிவு எடுத்தது. அங்கேயும் நில எண் முகவரிதான்; 1910-களில் ஜப்பானிய ஆட்சி நிலத்தை அளந்தபோது வந்தது. 2014 ஜனவரி 1 முதல் தென் கொரியா முழுவதும் சாலைப் பெயர் முகவரிக்கு மாறிவிட்டது. இருபது மீட்டருக்கு ஒரு ஜோடி எண், இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை. வாசலில் 50 என்று இருந்தால் சாலை தொடங்கி ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் வந்துவிட்டோம் என்று கணக்கு. பழைய ஊர்ப் பெயர்கள் முகவரியிலிருந்து உதிர்கின்றனவே என்று மனக்குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது, பென்ஷன் வாங்குகிறவன் என்பதாலோ என்னவோ.

இப்போது நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா. 1972 டிசம்பர் 23 அதிகாலை நிலநடுக்கம் நகரத்தின் நடுப்பகுதியை அழித்துவிட்டது. இன்றும் அங்கே பெரும்பாலான முகவரிகள் அடையாளங்களை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. இன்ன இடத்திலிருந்து இரண்டு கட்டம் ஏரிப்பக்கம், ஒரு கட்டம் மேலே. ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் மேலே வரும் கிழக்கு. கீழே என்றால் மேற்கு. அடையாளம் இப்போதும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'இன்னது இருந்த இடத்திலிருந்து' என்றே முகவரி தொடங்கும். என்றைக்கோ போய்விட்ட ஒரு சின்ன மரம் இன்னும் முகவரியில் நின்றுகொண்டிருக்கிறது.

தமிழில் இதே கதை தலைகீழாக இருக்கிறது. கிழக்கில் 'கீழ்' இருக்கிறது, மேற்கில் 'மேல்' இருக்கிறது. மலையிலிருந்து கடலுக்குச் சரியும் நிலம் நமக்குத் திசை சொல்லிக்கொடுத்தது, அவர்களுக்குச் சூரியன். மதுரையில் 'மேல மாசி வீதி' என்று உறையில் எழுதினால், கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனையாவது சுற்று என்ற இரண்டும் அதிலேயே அடக்கம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று உள்ளிருந்து வெளியே விரிகிறது. இதில் ஒரு வேடிக்கை, சித்திரைத் திருவிழாத் தேர் இன்று ஓடுவது மாசி வீதியில்.

மனாகுவாவின் மரத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ எங்கே இருக்கிறது? மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தாயிற்று. ஆனாலும் பஸ்ஸில் ஏறி "ஜெமினி ஒன்று" என்றால்தான் டிக்கெட் கைக்கு வருகிறது.

லண்டன் வேறு ரகம். ஊரைச் சீராக்கவில்லை, ஓட்டுநரின் தலையைச் சீராக்கியது. கறுப்பு டாக்சி உரிமம் வேண்டுமென்றால் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். பலருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். 2000-இல் வெளியான ஆய்வொன்று, இவர்களுடைய மூளையில் இட நினைவுக்கான பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. எங்கள் பழைய தபால்காரர்களையும் யாராவது சோதித்திருக்கலாம். தன் பீட்டில், அதாவது தான் தபால் கொடுக்கும் வட்டாரத்தில், எந்த வீட்டு மருமகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்பது வரை தெரிந்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் பின்கோடு வந்ததும் மனாகுவா நிலநடுக்கம் நடந்த அதே 1972-இல்தான், ஆகஸ்ட் 15. வடிவமைத்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், உறையில் பல மொழி எழுத்துகள். ஆறு இலக்கம் அதற்கெல்லாம் மேலே நின்றது. 6 என்று தொடங்கினால் தெற்கே அனுப்பு. மொழி தெரியாத ஊழியரும் கடிதத்தைச் சரியான பைக்குள் போட முடிந்தது. அதுவும் வெளியூர்க்காரனுக்காக எழுதிய முகவரிதான். அந்த வெளியூர்க்காரன் நாங்கள்.

சென்ற மாதம் மகள் ஒரு கடிதம் போட்டிருந்தாள். அங்கத்திய பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது போலும். இந்தியா, தமிழ்நாடு, சென்னை, பின்கோடு, பகுதி, தெரு, புதிய எண், பழைய எண், கடைசியில் என் பெயர். அதற்கும் கீழே தமிழில் 'மாவு மில் எதிரில்' என்று எழுதியிருந்தாள். அந்த மில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மூடியாயிற்று. இப்போது அந்த இடத்தில் நான்கு மாடி அடுக்ககம். கடிதத்தைக் கொண்டுவந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "மாவு மில் எது சார்?" என்று கேட்டான். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன்.

"அதுவா," என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.