வளைகிற சுரம்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச வந்தது ‘லவ்லெஸ்’ என்ற ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றி. ஆனால் காருகுறிச்சியில் இருந்து கிளம்புகிறேன். நமக்கு அதுதான் பக்கத்து வழி.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டிருப்பீர்கள். தோடி ராகம் வாசிக்கும்போது காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தைக் கவனியுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அது தோடியே இல்லை. அந்த அசைவு எங்கே பிறக்கிறது? வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு போகிறது, விரல் துளையை முழுதாகத் திறக்கிறதா பாதி திறக்கிறதா, இதில்தான். பக்கத்தில் ஒத்து என்கிற துணைக்குழல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நிற்கிற சுரத்தின் மேல் நிற்காத சுரம். இதைக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது.

சரி, 1991 நவம்பருக்கு வருவோம். ‘மை ப்ளடி வாலன்டைன்’ குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பம் அப்போதுதான் வெளியானது. குழு 1983இல் டப்ளினில் தொடங்கியது. வெளியிட்டது லண்டனைச் சேர்ந்த கிரியேஷன் கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை, 19 ஸ்டூடியோக்கள். 2,50,000 பவுண்டு செலவானதாக ஒரு பேச்சு உண்டு. குழுவின் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் அவ்வளவு ஆகவில்லை என்கிறார். பணக் கதையை அத்தோடு விடலாம்.

அவருடைய வலது கையைத்தான் பார்க்க வேண்டும். மின் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பித் தண்டு உண்டு, ட்ரெமலோ ஆர்ம் என்பார்கள். அதை அசைத்தால் ஆறு கம்பிகளின் இழுவிசையும் சேர்ந்தே மாறும். மற்றவர்கள் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அப்புறம் அலங்காரத்துக்காக அதைத் தொடுவார்கள். ஷீல்ட்ஸ் அதைக் கைக்குள் பிடித்தபடியே மீட்டினார். மீட்டுகிற ஒவ்வொரு வீச்சிலும் சுருதி சற்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது. வீணைக்காரர் மெட்டின் மேல் ஒரு தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கிறார், அதுதான் கமகம். இங்கே சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, கார்டு என்பார்கள், அது முழுவதும், ஆறு கம்பியும் ஒன்றாக வளைகிறது. நூறு கிட்டாரை அடுக்கி வைத்தார்கள் என்று பலர் நம்பினார்கள். ஷீல்ட்ஸ் அதை மறுத்தே வந்திருக்கிறார். என் காதுக்கும் அவர் சொல்வதே சரி. ஒரு கை செய்கிற வேலை அது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் கமகத்துக்கு ராக இலக்கணம் எல்லை கட்டியிருக்கிறது. அங்கே அப்படி எதுவும் கிடையாது. ஆனால் சுரம் என்பது புள்ளி இல்லை, நகர்கிற ஒன்று என்பது இரண்டு இடத்திலும் உண்டு. அதனால்தான் இதை முதல்முறை கேட்கும் மேற்கத்தியக் காது ‘டேப் கெட்டுப்போச்சா’ என்று திகைத்த இடத்தில், நம் காது திகைக்க வேண்டியதில்லை என்கிறேன்.

‘பாட்டு வரிகள் ஒன்றுமே புரியவில்லையே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். புரியாதபடிதான் கலந்திருக்கிறார்கள். குழுவின் பாடகி பிலிண்டா புட்சர் பல பாட்டுகளை விடிகாலையில், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கையோடு பாடினார். அந்தக் கண்ணயர்ந்த குரலையும் ஷீல்ட்ஸின் குரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து, கிட்டாருக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். எது ஆண் குரல், எது பெண் குரல் என்று பல இடங்களில் பிரிக்க முடியாது. கோயில் கொடை நடக்கிற ஊருக்கு ஒரு வயல் தள்ளிப் படுத்திருந்தால் வில்லுப்பாட்டு எப்படி வந்து சேரும்? கதை வராது. வில்லின் மணியும் குடத்தின் தும்மென்ற அடியும் புலவரின் இழுத்த குரலும் வரும். சுடலைமாடன் கதையில் எந்தக் கட்டம் என்று தெரியாமலே உடம்பு சிலிர்க்கும். அப்படிக் கேட்க வேண்டிய குரல்கள் இவை.

டிரம்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வாசிப்பவர் கோல்ம் ஓ கீசோக் அந்தச் சமயத்தில் உடல்நலம் குன்றியிருந்தார். அவர் வாசித்த அடிகளைத் துண்டு துண்டாகப் பதிந்து, அவற்றைக் கோத்தே பெரும்பாலான பாட்டுகளுக்குத் தாளம் அமைத்தார்கள். மனிதக் கை ஏறி இறங்கும் கிட்டாருக்குக் கீழே ஏறாத இறங்காத தாளம். ஒத்து செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

விற்பனையில் இது பெரிய வெற்றி இல்லை. பிரிட்டன் பட்டியலில் 24ஆம் இடம் வரைதான் போனது. கம்பெனி குழுவைக் கைவிட்டது. அடுத்த ஆல்பம் வர 2013 ஆயிற்று. ஆனால் கனவு மயக்கமான கிட்டார் இசை செய்யப் புறப்படுகிற யாரும் இந்த 48 நிமிடத்தைக் கடக்காமல் போக முடியவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ அறைக்குள் கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களோடு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இதைப் படியெடுக்க வேண்டாம். அந்தத் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். நாகஸ்வரம் கேட்ட காதும் ட்ரெமலோ பிடித்த கையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

இப்போது நான்காவது பாட்டைப் போடச் சொல்கிறேன். சத்தம் கூடுதலாகத்தான் இருக்கும். குறைத்து வைத்தால் இந்த இசை பாதிதான் கேட்கும். பெரியவர்கள் வேண்டுமானால் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலிருந்து பின் வரிசைக்கு வந்துவிடுங்கள். தாளத்தைத் தேட வேண்டாம், அந்தப் பாட்டில் அது இருக்கிற இடமே தெரியாது. சுருதி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று மட்டும் பிடித்துக்கொண்டு வாருங்கள்.