எல்லாவற்றுக்கும் ஆடுதான் கொடுத்தது

அவையோர்க்கு வணக்கம்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் ஹோம் என்றொரு சிற்றூர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே வீடு கட்டிய ஜான் பார்ட்டன் என்ற கம்பளி வணிகர், சன்னல் கண்ணாடியில் ஒரு வாசகம் பொறித்து வைத்தார்: 'கடவுளுக்கு என்றென்றும் நன்றி, எல்லாவற்றுக்கும் ஆடுதான் கொடுத்தது.' கொத்தனாரை மறந்தாலும் ஆட்டை மறக்காத மனிதர்!

அந்த ஆடு வணிகருக்கு மட்டுமா கொடுத்தது? அரசருக்குப் போர்ச்செலவும் கொடுத்தது. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அந்தக் காலத்தில் உயர்ந்த துணி நெய்தவர்கள் இன்றைய பெல்ஜியம் பக்கத்துப் பிளாண்டர்ஸ்காரர்களும் இத்தாலியின் பிளாரன்ஸ்காரர்களும். தறி அங்கே இருந்தது. அதற்கு வேண்டிய நல்ல கம்பளி இங்கிலாந்தில் இருந்தது. ஹியர்ஃபோர்ட்ஷயர், காட்ஸ்வோல்ட், லிங்கன்ஷயர் சரக்குக்குத் தனி மவுசு. யார்க்ஷயரில் ஃபவுண்டன்ஸ், ரீவோ போன்ற மடங்களின் துறவிகள் ஆயிரக்கணக்கில் செம்மறி வளர்த்தார்கள். இத்தாலிய வணிகர்கள் அவர்களிடம் வரப்போகிற ஆண்டுகளின் கம்பளிக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்து வைப்பார்கள். ரோமம் முளைக்கும் முன்பே விற்றாகிவிட்டது! நடுவில் மந்தைக்குச் சொறிநோய் வந்தால், முற்றும் துறந்தவர் தலையில் கடன் ஏறும். மன்னர் ரிச்சர்டு ஜெர்மானியர் சிறையில் கிடந்தபோது, அவரை மீட்கும் பணத்துக்காக இந்த மடங்களின் ஓராண்டுக் கம்பளியையே எடுத்துக்கொண்டார்கள்.

இனி வரிக்கு வருவோம். ஒரு பொதி என்றால் 364 பவுண்டு எடை; 200 ஆடுகளுக்கு மேல் கத்தரித்தால்தான் அது நிறையும். 1275இல் முதலாம் எட்வர்டு, ஏற்றுமதியாகும் பொதிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் வரி விதித்தார்; 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 1294இல் பிரான்சோடு சண்டை. வரி 40 ஷில்லிங் ஆனது. கூச்சல் கிளம்பி 1297இல் கைவிட்டார்கள். பேரன் மூன்றாம் எட்வர்டு பிரான்சோடு நூறாண்டுப் போரைத் தொடங்கியதும் பழைய 40 ஷில்லிங் வரி திரும்பி வந்தது. இந்த முறை போகவில்லை. 1363இல் ஏற்றுமதிச் சந்தையை, பிரான்சுக் கரையில் அப்போது இங்கிலாந்து வசம் இருந்த கலே துறைமுகத்தில் வைத்தார்கள். ஒரே வாசல் என்றால் வசூல் சுலபம் அல்லவா?

இந்த வரி யார் தலையில் விடிந்தது? பிளாண்டர்ஸ் நெசவாளிக்கு விலை கூடியது. வணிகர்கள் உள்ளூரில் ஆடு வளர்த்தவரிடமும் விலையைக் குறைத்தார்கள். அப்படியானால் இங்கிலாந்துத் தறிக்காரருக்கு? அவருக்குக் கம்பளி மலிவு! 1347இல் துணிக்கும் ஏற்றுமதி வரி வந்தது. ஆனால் உள்நாட்டு வணிகருக்கு முழுத் துணிச் சுருள் ஒன்றுக்கு 14 பென்ஸ்தான். ஒரு பொதியில் நாலு சுருளுக்குச் சற்று மேல் நெய்யலாம். கூட்டிப் பாருங்கள்: பொதியாக அனுப்பினால் 40 ஷில்லிங், துணியாக அனுப்பினால் 5 ஷில்லிங். எந்த வணிகர் பொதியை அனுப்புவார்?

1304-05இல் 40,000 பொதிகளுக்கு மேல் கப்பலேறின. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 10,000க்கும் கீழே போய், துணி முந்திக்கொண்டது. மூன்றாம் எட்வர்டு பிளாண்டர்ஸ் நெசவாளிகளை அழைத்துக் குடியமர்த்தியதைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். அழைத்தது உண்மைதான். என் கணக்கில் அதைவிடப் பெரிய வேலை செய்தது வரி. அவர் போருக்குப் பணம் தேடினார். கிடைத்தது ஒரு நெசவுத் தொழில்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தலைவர் அமர்வது இன்றும் சிவப்புத் துணி போர்த்திய கம்பளிப் பொதி மேல்தான்; 14ஆம் நூற்றாண்டு வழக்கம். 1938இல் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது குதிரை மயிர்! பிறகுதான் கம்பளி அடைத்துத் தைத்தார்கள்.