ரோட்டோர ஆமிக் காம்ப் கடையில பிளேன்ரீ மலிவு எண்டா, மிச்சக் காசு ஆர் கட்டுறது?

வணக்கம் பிள்ளையள். சத்தம் தெளிவாக் கேக்குதோ? போன முறை ஃபேன் இரைச்சலுக்கு ஏச்சு விழுந்தது. இண்டைக்கு நிப்பாட்டிப் போட்டன். வேர்த்து வடியுது, பாத்தும் பாக்காத மாதிரி இருங்கோ.

ஒரேயொரு கேள்விதான். விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒராள் குரல்பதிவு போட்டிருக்கிறார். "சேர், ஆமி தோட்டம் செய்யுது, கடை போடுது எண்டு எல்லாரும் கத்தீனம். மலிவாத்தானே குடுக்கினம்? சனத்துக்கு லாபம் எண்டா உங்களுக்கு எங்க நோகுது?" எண்டு கேட்டிருக்கிறார். "எங்க நோகுது" எண்டது ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே நிக்குது. கோவமில்லை தம்பி. நல்ல கேள்வி.

பழைய ஆக்களுக்கு என்ர கச்சான் கணக்கு தெரியும். திரும்பவும் எடுக்கிறன், சிரிக்காதேங்கோ. முறிகண்டிப் பிள்ளையாரடியில பஸ் நிக்கும், தேங்காய் உடைப்பம், கச்சான் வாங்குவம். வறுத்துக் குடுக்கிற அம்மாவுக்கு என்ன செலவு? பச்சைக் கச்சான், விறகு, கடை வாடகை, சபைக்குக் கட்டுற காசு, வந்து போற பஸ் காசு. அவவின்ர கூலி வேற. இவ்வளவும் அந்தப் பைக்கற்றின்ர விலைக்குள்ள இருக்கு. அவ விலையைக் குறைச்சா அவவின்ர சோத்தில குறையும்.

இப்ப காம்ப் கடையைப் பாருங்கோ. நிலத்துக்கு வாடகை இல்லை. தேத்தண்ணி ஊத்திற பெடியனுக்குச் சம்பளம் திறைசேரியால வருது. சாமான் ஏத்திற வாகனமும் டீசலும் அப்பிடித்தான். அப்ப பிளேன்ரீ மலிவாத்தான் இருக்கும், இல்லாட்டித்தான் அதிசயம்! ஆனா அந்தச் செலவு காணாமல் போகேல்லை தம்பி, பில்லில எழுதேல்லை, அவ்வளவுதான். நீங்கள் சவுக்காரம் வாங்கேக்க 18 வீதம் வற் வரி கட்டுறியள் எல்லோ? கச்சான் விக்கிற அம்மாவும் கட்டுறா. தன்ர யாவாரத்தைப் படுக்க வைக்கிற கடைக்கு அவவே முதல் போடுறா. எனக்கு நோகிற இடம் அதுதான்.

ஒருக்கா மருமகனோட வவுனியாவுக்குப் போகேக்க அப்பிடி ஒரு கடையில இறங்கினனாங்கள். உள்ளதைச் சொல்லோணும், துப்புரவான கடை. தேத்தண்ணியும் நல்ல சாயம். ஊத்தினது இருபத்திரெண்டு, இருபத்திமூண்டு வயசுப் பெடியன். என்ர உடைஞ்ச சிங்களத்தில ஊர் எது எண்டு கேட்டன். குருநாகல் பக்கமாம், தகப்பன் வயல் செய்யிறாராம். ஆர் உதவி எண்டன். கரண்டியைக் கழுவிக்கொண்டே, "அறுவடைக்கு ஆள் கிடைக்கிறேல்லை, அப்பா தனிய" எண்டான். மருமகன் என்னைப் பாத்தார், நான் கிளாசைப் பாத்தன். அங்க வயலுக்கு ஆளில்லை, அந்த வயலில நிக்க வேண்டியவன் இஞ்ச எங்கட ஆக்களின்ர கடைக்கு முன்னால வடை விக்கிறான். இந்தக் கணக்கில ஆருக்கு லாபம் எண்டு எனக்கு இண்டைக்கும் பிடிபடேல்லை. வாணிபம் முப்பது வருசம் படிப்பிச்சனான் வேற!

சரி, கடையை விடுவம், அது சின்னப் பொட்டு. காங்கேசன்துறையில ஆமியின்ர தல்செவன ஹோட்டல், நந்திக்கடல் கரையில ஆமி விடுதி, பலாலிக்கு ரிக்கற் வித்த விமானப்படையின்ர ஹெலிடூர்ஸ், இதெல்லாம் நீங்கள் கண்டது. வெளியிலயும் உதுதான். பாகிஸ்தானில பௌஜி பவுண்டேசன் 1954இல முன்னாள் படையாளரின்ர நலனுக்கு எண்டு துவங்கினது, இப்ப உரம், சீமெந்து எண்டு போகுது. எகிப்தில ராணுவக் கொம்பனியள் மக்ரோனியும் போத்தில் தண்ணியும் விக்குது. மியன்மாரில ரெண்டு பெரிய ராணுவக் கொம்பனி, வங்கியில இருந்து பியர் வரைக்கும். துவக்கு வைச்சிருக்கிறவனுக்குச் சொந்தமா வருமானமும் இருந்தா, பாராளுமன்றம் சொல்லுறதை அவன் ஏன் கேக்கோணும்? 2021இல மியன்மாரில படை ஆட்சியைப் பிடிச்சது தெரியும்தானே. சீனா 1998இலயே படையை யாவாரத்தை விட்டு வெளியேறச் சொன்னது. இந்தோனேசியா 2004இல சட்டம் போட்டு அஞ்சு வருசம் தவணை குடுத்தது. முழுக்க நடந்ததோ எண்டு கேக்காதேங்கோ, அது பெரிய கதை.

வெள்ளத்துக்கு வந்து ஆக்களைத் தூக்கினவை எல்லோ எண்டு கீழ எழுதுவியள். ஓம், தூக்கினவை, நன்றி. அது அவையின்ர வேலை. தக்காளி விக்கிறது வேலையில்லை.

ஆனா தம்பி, உம்மட்ட ஒரு குறை. நீர் மலிவைப் பற்றிக் கேட்டீர். விசுவமடுவில இருந்துகொண்டு கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. 2018 ஜூனில, உங்கட பக்கம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பொறுப்பா இருந்த ஆமிக் கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போகேக்க சனம் தோளில தூக்கிக்கொண்டு அழுத படம் ஞாபகமோ? அதில முன்னாள் போராளியளும் நிண்டவை. கொழும்புப் பத்திரிகைக்கு அது நல்லிணக்கம். எங்கட சிலருக்கு அது துரோகம். சனம் ஏன் அழுதது எண்டு ரெண்டு பகுதியும் கேக்கேல்லை. பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ இருந்த அந்தத் திணைக்களத்தின்ர பண்ணையில மாதம் முடிய வங்கிக்குச் சம்பளம் வந்தது. சண்டை முடிஞ்சு தடுப்பு முகாமால வந்த பிள்ளைக்கு வேற ஆர் அப்பிடி ஒரு வேலை குடுத்தது? முன்பள்ளி ரீச்சர்மாரும் அப்பிடித்தான். மாகாணப் பக்கத்தால கிடைச்சது கைச்செலவுக் காசு, இந்தத் திணைக்களத்தால சம்பளம். அவையைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

2017இல கேப்பாப்புலவுச் சனம் ஒரு மாதம் ரோட்டில கிடந்து, படை பிடிச்சு வைச்சிருந்த பிலக்குடியிருப்புக் காணியை எடுத்தது. காணி வந்தது சந்தோசம். இப்ப படையைக் குறைக்கப் போறம், 2030இல 100,000 பேர் எண்டு 2023இல அறிவிச்சும் இருக்கினம். பண்ணையளும் ஒரு நாள் கைமாறும். அண்டைக்கு அந்தச் சம்பளத்தை ஆர் குடுக்கிறது? மாகாண சபையோ, கூட்டுறவுச் சங்கமோ, வெளிநாட்டுக் காசோ? காணியை விடு எண்டு மேடையில கத்தின ஒருத்தரும் இதுக்குத் தாள் எடுத்து ஒரு கணக்குப் போட்டதை நான் காணேல்லை. என்னையும் சேத்துத்தான்.

எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளை அப்பிடி ஒரு பண்ணைக்குத்தான் போறா. விடிய அஞ்சரைக்கு சைக்கிள் சத்தம் கேக்கும். தம்பியின்ர கேள்வியை அவவுக்குப் போட்டுக் காட்டினன். முழுக்கக் கேட்டிட்டு, "காணியள் ஆக்களிட்டப் போறது நல்லம்தான் சேர். ஆனா என்ர லோன் இன்னும் மூண்டு வருசம் கிடக்கு" எண்டிட்டு சைக்கிளை எடுத்தா.