இரணைமடுவில் கேட்ட தண்ணீர் தாளையடியில் வந்த கதை: அரசாங்கக் கொள்கை எப்படி உருவாகிறது, எங்கே சிக்குகிறது?

[திரை: வடமாகாண வரைபடம். இரணைமடுக் குளமும் தாளையடிக் கடற்கரையும் புள்ளியாக ஒளிர்கின்றன.]

வணக்கம். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களின் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் அங்கீகரித்தது. திட்டத்தின்படி தண்ணீர் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்திலிருந்து வரவேண்டும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதோ, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை. இடையில் 14 ஆண்டுகள். குழாய் போகும் ஊர்கள் பெரிதாக மாறவில்லை, தண்ணீர் எடுக்கும் இடமே மாறிவிட்டது.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் "அரசியல்" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் அதனால் ஒரு பயனுமில்லை. ஒரு கொள்கை எந்த மேசைகளைத் தாண்டி வருகிறது, எந்த மேசையில் யாரிடம் கேட்காமல் விட்டார்கள் என்று பார்த்தால்தான் அடுத்த திட்டத்திலாவது கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கலாம்.

[திரை: கிணறு. சுண்ணக்கல் படையின் குறுக்குவெட்டு.]

முதலில் பிரச்சினை. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல் படைக்குள் தேங்கும் மழைநீரைத்தான். மாரியில் நிரம்பும், கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை என்று தோட்டம் ஓய்வதில்லை. போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகிக் கீழே இறங்குகிறது. வீட்டுக்கு வீடு இருக்கும் மலசலகூடக் குழியும் அதே படைக்குள்தான் கசிகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே இருக்கும். ஆகவே செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கிற வீடுகளில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இந்தக் கிணற்றுக்குப் பொறுப்பு யார்? இங்கேதான் கொள்கை ஒருங்கிணைப்பு என்ற சிக்கல் தொடங்குகிறது.

[திரை: நடுவில் கிணறு. சுற்றி நிறுவனப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

குழாய்நீர் தருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். நிலத்தடி நீரை ஆராய்வது நீர்வளச் சபை. சுற்றாடல் அனுமதி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். வீட்டுக் கட்டட அனுமதி உள்ளூராட்சி சபையிடம். யாழ். மாவட்டத்தில் அப்படி 17 சபைகள் உள்ளன: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று வந்து பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உர மானியம் தருவது விவசாய அமைச்சு. ஒரு கை மலிவு விலையில் யூரியா கொடுத்தது, இன்னொரு கை அந்த யூரியா கெடுத்த தண்ணீருக்கு மாற்றுத் தேட வெளிநாட்டுக் கடன் வாங்கியது. இரண்டு கைகளும் திறைசேரியின் ஒரே பைக்குள்தான் போகின்றன. ஆனாலும் ஒன்றின் கோப்பை மற்றது பார்ப்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

இனி கோப்பு போகும் பாதை. ஒரு அமைச்சு திட்ட முன்மொழிவைத் தயாரிக்கும். அது தேசிய திட்டமிடல் திணைக்களத்துக்குப் போய்ப் பரிசீலிக்கப்படும். வெளிநாட்டுக் கடன் என்றால் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் கடன் கொடுப்பவரோடு பேசும். அமைச்சர் அமைச்சரவைப் பத்திரம் சமர்ப்பிப்பார். பணம் சம்பந்தப்பட்டால் நிதி அமைச்சரின் அவதானிப்புகள் இணைக்கப்படும். மற்ற அமைச்சுகளும் அவதானிப்பு எழுதலாம். வாரந்தோறும் கூடும் அமைச்சரவை முடிவெடுத்தால் அதுதான் அமைச்சரவைத் தீர்மானம். சட்டம் தேவையென்றால் சட்டவரைஞர், சட்டமா அதிபர், வர்த்தமானி, நாடாளுமன்றம் என்று பாதை நீளும். இடையில் சட்டமூலத்தை எதிர்த்து யாராவது உயர் நீதிமன்றம் போனால், மன்றம் மூன்று வாரத்துக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த "அவதானிப்பு" என்ற சின்னத் தாள்தான். மற்ற அமைச்சு தன் மறுப்பை எழுத்தில் வைக்கும் இடம் அது. நல்ல அவதானிப்பு இலக்கம் சொல்லும்: இத்தனை ஏக்கர் பாதிக்கும், பராமரிப்புச் செலவு இவ்வளவு, அது எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்று. "கொள்கையளவில் ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி வந்தால், பெரும்பாலும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

[திரை: 13ஆவது திருத்தம், 1987. மூன்று நிரல்கள்.]

இரணைமடு சிக்கிய இடத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கிறது: மாகாணத்துக்குரியது, மத்திக்கு ஒதுக்கியது, இரண்டுக்கும் பொதுவானது. எல்லா விடயங்களிலும் "தேசியக் கொள்கை" மத்தியிடம். மாகாணத்துக்குள்ளேயே அடங்கும் நீர்ப்பாசனம் மாகாணத்திடம். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வடக்குக்குள்ளேயே ஓடுவதால் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில். குடிநீர்ச் சபை கொழும்பின் கையில். ஒரே குளம், ஒரே தண்ணீர். வயலுக்குப் போனால் ஒரு நிரல், குழாய்க்குப் போனால் இன்னொன்று.

ஆண்டுகளையும் கொஞ்சம் பாருங்கள். கடன் அங்கீகாரம் 2010. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21. குளத்துக்குச் சட்டப்படி பொறுப்பான சபை, திட்டம் வரையப்பட்டபோது இருக்கவேயில்லை. அது வந்து உட்கார்ந்தபோது மேசையில் ஏற்கெனவே ஒரு கடன் உடன்படிக்கை இருந்தது.

கிளிநொச்சி விவசாயிகளின் கேள்வி எளிமையானது. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் நீரின் அளவுக்குத்தான் விதைப்பு. எத்தனை ஏக்கர் என்பதைப் போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் சேர்ந்து முடிவு செய்வார்கள். எல்லாருக்கும் காணாத ஆண்டுகளே அதிகம். அணைக்கட்டை உயர்த்தினால் கூடுதல் நீர் தேங்கும், அதைத்தான் யாழ்ப்பாணத்துக்குத் தருகிறோம் என்றது திட்டம். மழை பொய்த்த ஆண்டில் அந்தக் கூடுதல் நீர் எங்கிருந்து வரும், அப்போது முதலில் யாருக்கு வெட்டு என்றார்கள் விவசாயிகள். வறட்சி ஆண்டுக்கான பங்கீட்டு விதி ஒன்று, இலக்கத்தோடு, இரு தரப்பும் கையெழுத்திட்டு இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கலாம். சராசரி மழையை வைத்துப் போட்ட திட்டம், சராசரி இல்லாத ஆண்டில்தான் சோதிக்கப்படும்.

கலந்தாலோசனை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது நடந்த நேரம்தான் கோளாறு. தெரிவுகள் திறந்திருக்கும்போது கேட்டால் அது ஆலோசனை; கடன் கையெழுத்தான பின் கேட்டால் அது சம்மதம் வாங்குவது. நம்மிடம் வேறு யோசனைகளும் இருந்தன. ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளை நன்னீராக்கி உப்பாறு வழியே கொண்டுவரும் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டம் 1950களிலிருந்தே பேச்சில் இருக்கிறது. இரணைமடு, கடனீரேரி, கடல்நீர், மழைநீர் சேகரிப்பு, உரக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் ஒரே அளவுகோலில், அதாவது ஒரு கன மீற்றருக்கு எத்தனை ரூபாய், வறட்சியில் எத்தனை சதவீதம் உறுதி, யாருக்கு இழப்பு என்று பக்கம் பக்கமாக வைத்து, முடிவுக்கு முன் மக்கள் முன் போட்டிருக்க வேண்டும். கொள்கை ஆய்வு என்பதே அந்த ஒரு அட்டவணைதான்.

[திரை: கடல்நீர் ஆலையின் வரைபடம். கீழே இலக்கங்கள்.]

கடைசியில் தண்ணீர் எடுக்கும் இடம் குளத்திலிருந்து கடலுக்கு மாறியது. தாளையடி ஆலையின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர். சுமார் 3 இலட்சம் பேருக்கு என்று சொல்லப்பட்டது. வகுத்தால் ஆளுக்கு 80 லீற்றர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தால் 64. இது குடிக்க, சமைக்க, குளிக்கக் காணும், தோட்டத்துக்கு அல்ல.

கடல்நீர் ஆலைகளில் உள்ளெடுக்கும் நீரில் பொதுவாக 40 சதவீதம் அளவில்தான் நன்னீராகும். அந்தக் கணக்கில் 60,000 எடுத்தால் 36,000 கன மீற்றர் கடலுக்கே திரும்பும், ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட உப்போடு. கரைவலைக்காரரும் சிறு படகுக்காரரும் எதிர்ப்புக் காட்டியதைப் "புரியாமல் எதிர்க்கிறார்கள்" என்று தள்ளிவிடக்கூடாது. வெளியேற்றுக் குழாய் எவ்வளவு ஆழத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், நீரோட்டம் எந்தப் பக்கம் என்பவை தொழில்நுட்பக் கேள்விகள். அவற்றைக் கேட்கும் இடம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்கள். அந்த நாட்களில் எழுத்தில் கொடுக்காத கருத்து, பிறகு கோப்பில் கருத்தாக நிற்காது.

அடுத்து மின்சாரம். இப்படியான ஆலை ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் எடுக்கும். முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு. மின் கட்டணம் ஏறினால் நீரின் அடக்கவிலை ஏறும். மின் கட்டணத்தை அங்கீகரிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. நீர்க் கட்டணத்துக்கு வேறு வர்த்தமானி. கட்டும்போது பணம் கடனிலிருந்து வந்தது. ஓட்டும் செலவு ஒவ்வொரு ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரவேண்டும். பெரிய திட்டங்கள் படுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். திறப்பு விழாவுக்கு ஒரு தலைப்பில் பணம் இருக்கும், ஐந்தாம் ஆண்டில் உப்பை வடிக்கும் சவ்வை மாற்றுவதற்கு எந்தத் தலைப்பிலும் இருக்காது.

எல்லாப் படிகளையும் தாண்டி ஒரே இரவில் முடிவெடுத்தால்? அதையும் கண்டோம். 2021 மே 6ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அதே அரசே அதைத் தளர்த்தியது. வலிகாமத்து நைத்திரேற்றுக்கு உரக் கட்டுப்பாடு உண்மையில் தேவை. ஆனால் தேவைப்பட்டது செம்மண் தோட்டத்துக்கு மண் பரிசோதனையோடு படிப்படியான குறைப்பு. வந்ததோ, நாடு முழுவதற்கும் ஒரே கத்தரிக்கோல். நல்ல காரணம் ஒன்று கெட்ட நடைமுறையால் கெட்ட பெயர் வாங்கியது. இனி யூரியாவைக் குறையுங்கள் என்று யாராவது தோட்டக்காரரிடம் போனால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

[திரை: கச்சேரி (மாவட்டச் செயலகம்). மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம்.]

மாவட்டத்தில் இந்தத் துண்டுகளைச் சேர்க்கும் இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள், அத்தனை திணைக்களங்களும் ஒரே மண்டபத்தில். கமராவுக்கு முன் நடக்கும் வாய்த்தர்க்கம்தான் செய்தியாகும். உண்மையில் பார்க்க வேண்டியது கூட்டக் குறிப்பின் ஒரு நிரை: கடந்த கூட்டத்தில் சொன்னது, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள், இப்போது என்ன நிலை. பொறுப்பு என்ற இடத்தில் "சம்பந்தப்பட்ட திணைக்களங்கள்" என்று எழுதியிருந்தால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மதிப்பீடு. கண்காணிப்பு வேறு, மதிப்பீடு வேறு. எத்தனை கிலோமீற்றர் குழாய் தாழ்த்தினோம், எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பது கண்காணிப்பு. அந்த வீடு இப்போது கிணற்று நீரைக் குடிப்பதை விட்டுவிட்டதா, போத்தல் தண்ணீருக்கு மாதம் கொடுத்த பணம் குறைந்ததா என்பது மதிப்பீடு. இணைப்பு வாங்கிவிட்டு, குழாய் நீரில் குளோரின் மணக்கிறது என்று கிணற்று நீரையே குடிக்கும் வீடு கண்காணிப்பில் வெற்றி, மதிப்பீட்டில் தோல்வி.

இதை அளக்க யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி உண்டு. இணைப்பு எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போவதில்லை. ஆகவே இணைப்புக் கிடைத்த பிரிவையும் இன்னும் கிடைக்காத, ஆனால் மண்ணும் தொழிலும் ஒத்த பிரிவையும் ஒப்பிடலாம். இரண்டிலும் முன் அளவும் பின் அளவும் வேண்டும். கிணற்று நீரை ஒரே மாதத்தில் எடுக்க வேண்டும், ஏனென்றால் மாரி மழை நைத்திரேற்றின் அளவையே மாற்றிவிடும். ஒகஸ்ட் மாத அளவை ஜனவரி மாத அளவோடு ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று அறிக்கை எழுதினால், அது மழையின் முன்னேற்றம். இன்னொன்று: குழாய்நீர் வந்தாலும் நிலத்தடி நீர் தானாகச் சுத்தமாகாது. உரமும் குழியும் அப்படியே இருந்தால் கிணற்றின் இலக்கம் நகராது. அதைத் திட்டத்தின் தோல்வி என்றும் சொல்ல முடியாது. அது இன்னும் எழுதப்படாத வேறொரு கொள்கையின் வேலை.

[திரை: தகவல் கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி.]

இந்தத் தாள்களைப் பார்க்க நீங்கள் அதிகாரியாக இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "தண்ணீர்த் திட்டம் பற்றிய விபரம்" என்று கேட்டால் ஒரு துண்டுப் பிரசுரம்தான் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சாத்தியவள ஆய்வு அறிக்கை, இன்ன பிரிவில் இணைப்புக்கு முன் எடுத்த நீர்த்தரப் பரிசோதனை முடிவுகள், கடந்த 12 மாதங்களில் மாதாந்த உற்பத்தியும் கட்டணம் அறவிட்ட நீரின் அளவும், அந்த மாதங்களின் மின்சாரக் கட்டணம். உற்பத்திக்கும் அறவிட்டதற்கும் உள்ள இடைவெளிதான் கசிவும் களவும்.

கடிதத்தை ஒப்படைத்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் முன்னைய பற்றுச்சீட்டின் திகதியையும் இலக்கத்தையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.